13 மாதம் கட்டினால் வென்டிலேட்டர் நமக்குச் சொந்தமாகிவிடுமா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசிக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 73 வயது, ஊர் மதுரைப் பக்கம். அம்மா இறந்த பிறகு க்ரீன் கார்டில் மகளிடம் வந்தவர். ஐந்து வருடம் முடிந்ததும் பிரீமியம் கட்டி, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிக்கு), பார்ட் பி (டாக்டருக்கும் வீட்டு உபகரணங்களுக்கும்) இரண்டையும் எடுத்திருக்கிறார்கள். வேறு இன்சூரன்ஸ் இல்லை. இளம் வயதிலிருந்து புகைத்ததால் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். எட்டு மாதம் முன்பு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, நினைவு தடுமாறி, ஐசியூ வரை போய்த் திரும்பினார். வீட்டுக்கு அனுப்பும்போது, தொண்டையில் துளை போடாமல் மாஸ்க் வழியாகவே மூச்சுக்கு உதவும் வென்டிலேட்டரை ஒரு கம்பெனி கொண்டுவந்து வைத்தது. மெடிகேர் கொடுத்தது போக இவர்கள் பங்கு மாதம் 200 டாலருக்கு மேல்.

இரண்டு மாதமாக அப்பா மாஸ்க்கைத் தொடுவதில்லை. மூச்சு முட்டுகிறதாம், மூக்கின் மேல் புண்ணாகிவிட்டதாம். “ஆக்சிஜன்தான் இருக்கே, இது எதுக்கு” என்கிறார். ஆனாலும் இவர் மெஷினைத் திருப்பவில்லை. கணவரின் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுப்பது) 13 மாதத்தில் சொந்தமானது, அதுபோல இதற்கும் இன்னும் ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை போன் வருகிறது. “உபயோகிக்கிறாரா?” என்று கேட்கிறார்கள், இவரும் பயத்தில் “ஆமாம்” என்று சொல்லிவிடுகிறார். செலவு தாங்கவில்லை என்றதற்கு, “உங்கள் பங்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம், மெஷினை மட்டும் திருப்பாதீர்கள்” என்றாராம் அங்கே ஒருவர். இது மோசடியாகி அப்பாவின் க்ரீன் கார்டுக்கு ஆபத்து வருமா, திருப்பினால் மறுபடி கிடைக்காமல் போகுமா, தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறினால் செலவு குறையுமா, டிசம்பரில் மதுரைக்குப் போகும்போது எடுத்துப்போகலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பணத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அப்பாவைப் பற்றி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆக்சிஜன் இருந்தால் போதும் என்று அவர் நினைப்பது தவறு. ஆக்சிஜன் குழாய் உள்ளே போகும் காற்றை வளப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள அதனால் முடியாது. அப்பாவை ஐசியூவில் சேர்த்தது அந்தத் தேக்கம்தான். தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையும்போது அது மெல்ல மெல்ல ஏறும். இந்த மெஷின் ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் கொடுத்து அதை வெளியேற்றுகிறது. பிரிட்டனில் இப்படிப்பட்ட 116 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வீட்டில் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 1.4 மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அல்லது இறந்தார்கள். ஆக்சிஜனோடு இரவு வென்டிலேஷனும் பெற்றவர்களுக்கு அந்தக் காலம் 4.3 மாதமாக நீண்டது. இரண்டு மாதமாக மெஷின் ஓடவில்லை என்று நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு தடவை படித்ததற்கு இதுதான் காரணம்.

காலையில் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், பேச்சில் குழப்பம், கையை நீட்டினால் படபடவென்று உதறுவது, இவற்றில் எதாவது இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் போய் தமனி ரத்த வாயுப் பரிசோதனை (ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டுவது) கேளுங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றால் யோசிக்காமல் 911. ஆம்புலன்ஸ்காரர்களிடம் “இவருக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறும்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் இப்படிப்பட்டவர்களுக்கு அது இன்னும் ஏறும்.

மாஸ்க் பிரச்சினை பெரும்பாலும் தீர்க்கக்கூடியது. மூக்குப் புண் என்றாலே அளவு தவறு, அல்லது பட்டையை இறுக்கிக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மூக்கின் பாலத்தைத் தொடாமல் கீழிருந்து பொருந்தும் மாஸ்க்குகள் இருக்கின்றன. நாசித் துவாரத்தில் மட்டும் உட்காரும் தலையணை வகையும் இருக்கிறது. அப்பா பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குபவர் என்றால் கன்னம் உள்வாங்கிக் காற்று கசியும். மீசை அடர்த்தியாக இருந்தாலும் அப்படித்தான். மூச்சு முட்டுவது பல சமயம் முதல் அழுத்தம் சட்டென்று வருவதால். அதை மெல்ல ஏற்றும்படி அமைக்கலாம். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு “போட்டுக்கோங்கப்பா” என்றால் யாருக்குமே பயமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து செய்துதர வேண்டியவர் அந்தக் கம்பெனியின் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் பில் போவதே அந்த மாதிரிச் சேவைக்கும் சேர்த்துத்தான். இங்கிருந்து உங்கள் கணக்குக்கு வருவோம்.

13 மாதம் என்பது வேறு மெஷினுக்கு

மெடிகேர் வீட்டு உபகரணங்களைப் பல வகையாகப் பிரித்திருக்கிறது. சிபாப்பும், உள்ளிழுக்க ஓர் அழுத்தம் வெளிவிட ஓர் அழுத்தம் என்று கொடுக்கும் பைபாப்பும் ஒரு வகை. அவற்றுக்கு 13 மாதம் தொடர்ந்து வாடகை கொடுத்தால் மெஷின் நோயாளிக்குச் சொந்தம். உங்களிடம் இருப்பது அந்த வகை இல்லை. பில்லை எடுத்துப் பாருங்கள், ஆங்கில ஈ எழுத்துக்குப் பின் 0466 என்று இருக்கும். மாஸ்க் வழி வீட்டு வென்டிலேட்டருக்கான குறியீடு அது. அடிக்கடி பராமரிப்பு தேவைப்படும் சாதனங்கள் என்ற தனிப் பிரிவில் வருகிறது. தேவை இருக்கும்வரை வாடகை, எத்தனை வருடமானாலும் சொந்தமாகாது. வாடகை வீட்டில் பத்து வருடம் இருந்தாலும் பத்திரம் நம் பெயருக்கு மாறுவதில்லையே, அந்தக் கதைதான். ஐந்து மாதம் கழித்து உங்களுக்குக் கிடைக்கப்போவது இன்னொரு பில்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பழுது, மாற்று மெஷின், மாஸ்க், குழாய், ஃபில்டர் எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். மாஸ்க்குக்கோ குழாய்க்கோ தனியாக பில் வந்திருந்தால் கட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்தும் பொருந்தவில்லை என்றால் நான்காவதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒன்று கவனித்தேன். அப்பாவுக்கு வென்டிலேட்டர்தான் வேண்டுமா, பைபாப் வகையே போதுமா என்று யாராவது பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. 2025 ஜூன் 9 முதல் சிஓபிடி நோயாளிகளுக்கு மெடிகேர் நாடு முழுவதற்கும் ஒரே விதி கொண்டுவந்திருக்கிறது. அப்பாவுக்கு மெஷின் வந்தது அதற்குப் பிறகு, எனவே அது அவருக்குப் பொருந்தும். விழித்திருக்கும்போது எடுத்த தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 52 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், தூக்க மூச்சுத்திணறல் முக்கியக் காரணமாக இருக்கக் கூடாது. இது இருந்தால், மூச்சு நின்றால் தானே மூச்சு கொடுக்கும் வசதியுள்ள பைபாப் கிடைக்கும். அதைத் தாண்டி வென்டிலேட்டர் வேண்டுமானால் கூடுதல் காரணம் காட்ட வேண்டும். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் மூச்சு உதவி தேவை, நிமிடத்துக்கு 4 லிட்டர் அல்லது அதற்கு மேல் ஆக்சிஜன் தேவை, அலாரமும் உள் பேட்டரியும் இல்லாமல் பாதுகாப்பில்லை என்பது போன்றவை.

இரவில் மட்டும் மாட்டிக்கொண்டால் போதும் என்ற நிலையில் அப்பா இருந்தால், பைபாப் வகைக்கு மாற முடியுமா என்று நுரையீரல் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அதற்கு மாத வாடகை கணிசமாகக் குறைவு, அதில் நீங்கள் கட்டும் 20 சதவீதப் பங்கும் அப்படியே குறையும். நீங்கள் நம்பியிருந்த அந்த 13 மாதக் கணக்கும் அங்கே செல்லும். ஆனால் முடிவு அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது, பில்லைப் பொறுத்தது அல்ல. சில நோயாளிகளுக்கு வென்டிலேட்டரே வேண்டும்.

மாதாமாதம் வரும் அந்த போன்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த “ஆமாம்” இனி வேண்டாம்.

அவர்கள் சும்மா விசாரிக்கவில்லை. நோயாளிக்குத் தேவை தொடர்கிறது, மெஷின் உபயோகத்தில் இருக்கிறது என்று ஆவணம் வைத்துக்கொண்டுதான் மெடிகேரிடம் பில் போட முடியும். உங்கள் பதில் அந்த ஆவணத்தில் ஏறுகிறது. புதிய விதிப்படி நாளுக்குக் குறைந்தது 4 மணி நேரம், மாதத்தில் 70 சதவீத நாட்களாவது உபயோகிக்க வேண்டும், அதாவது 30 நாளில் 21 நாள். முதல் ஆறு மாதத்துக்குள் டாக்டர் ஒரு மதிப்பீடு செய்திருக்க வேண்டும், அடுத்த ஆறு மாதத்தில் இன்னொன்று. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிறது. முதல் மதிப்பீடு நடந்ததா என்று டாக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், இன்றைய மெஷின்கள் பலவற்றில் மோடம் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்ற விவரம் தானாகவே கம்பெனிக்குப் போய்விடும். அப்படியானால் நீங்கள் சொன்னதும் மெஷின் சொன்னதும் வேறு வேறு என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

கம்பெனிகள் இதில் மாட்டிய கதை புதிதல்ல. இந்த வகை வென்டிலேட்டர்களுக்கு மெடிகேர் கொடுத்த பணம் 2009-இல் 38 லட்சம் டாலர், 2015-இல் 34 கோடி டாலர். நோயாளிகள் அப்படி ஒன்றும் பெருகிவிடவில்லை. அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2016-இல் இதைச் சுட்டிக்காட்டியது. 2020 டிசம்பரில் அப்ரியா என்ற பெரிய உபகரண கம்பெனி 4 கோடியே 5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. நோயாளிகள் உபயோகிக்காத வென்டிலேட்டர்களுக்கும் தொடர்ந்து பில் போட்டது அதில் ஒரு குற்றச்சாட்டு. நோயாளியின் பங்கைத் தவறாகத் தள்ளுபடி செய்தது இன்னொன்று. இரண்டுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

சரி, நீங்கள் மோசடி செய்துவிட்டீர்களா? மெஷின் உங்கள் வீட்டு மூலையில் சும்மா கிடப்பது குற்றமே இல்லை. பில் போடுவதும், போடக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கம்பெனியின் பொறுப்பு. நோயாளி மாஸ்க் போட மறுத்ததற்காக மட்டும் க்ரீன் கார்டில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் தெரிந்தே தவறான தகவல் கொடுத்துக்கொண்டே போவது நல்லதல்ல, அதிலும் எழுத்தில் கையெழுத்துப் போடுவது கூடவே கூடாது. அடுத்த போனில் சொல்லுங்கள்: “இரண்டு மாதமாக அவரால் போட முடியவில்லை, மாஸ்க் பொருந்தவில்லை, தெரபிஸ்டை அனுப்புங்கள்.” அதையே ஈமெயிலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதில்கள் உறுத்தினால் அங்கேயே, “முன்பு உபயோகிக்கிறார் என்று சொன்னது சரியல்ல” என்று சேர்த்துவிடுங்கள். கம்பெனி அந்த மாதங்களுக்கான பணத்தை மெடிகேருக்குத் திருப்பினால், நீங்கள் கட்டிய பங்கையும் திரும்பக் கேளுங்கள். குடியேற்றம் பற்றி இன்னும் பயம் இருந்தால் அந்தத் துறை வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுவது நல்லது. நான் டாக்டர், அந்தப் பக்கம் என் எல்லை அவ்வளவுதான்.

அந்தத் தள்ளுபடி

வருமானம் குறைவு என்று நீங்கள் விண்ணப்பம் நிரப்பி, கம்பெனி விவரங்களைப் பார்த்து, உங்கள் பங்கைக் குறைத்தால் அது முறையானது. தாராளமாகக் கேளுங்கள், பெரும்பாலான கம்பெனிகளிடம் அதற்கென்று படிவம் இருக்கிறது. “மெஷினைத் திருப்பாதீர்கள், பங்கை விட்டுவிடுகிறோம்” என்பது வேறு. உங்கள் 200 டாலரை விட்டுக்கொடுத்து மெடிகேரின் 800 டாலரைத் தொடர்ந்து வாங்குவதற்கான வழி அது. போனில் மறுபடி சொன்னால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். தொந்தரவு தொடர்ந்தால் 1-800-மெடிகேர் எண்ணிலோ, மெடிகேர் மோசடிப் புகார்களுக்கு உதவும் சீனியர் மெடிகேர் பேட்ரோல் என்ற அமைப்பின் உங்கள் மாநிலக் கிளையிலோ சொல்லலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

கம்பெனி மெடிகேரின் விலையை ஒப்புக்கொள்ளும் கம்பெனியா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒப்புக்கொண்டிருந்தால் ஆண்டு டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்டும் தொகை) போக 20 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. இல்லையென்றால் உபகரணங்களுக்கு மேல்வரம்பே கிடையாது. டாக்டர் ஃபீஸுக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

திருப்பினால் மறுபடி கிடைக்குமா?

கிடைக்கும். ஆயுள் தடை எதுவும் இல்லை. பிறகு நிலைமை மோசமானால் புதிதாக ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு, உத்தரவு எல்லாம் வேண்டும். அலைச்சல் உண்டு, ஆனால் கதவு மூடாது. என் கருத்து கேட்டால், இப்போதே திருப்பாதீர்கள். மாஸ்க்கை மாற்றி ஒரு மாதம் நேர்மையாக முயலுங்கள், டாக்டரைப் பாருங்கள். அப்பா தெளிவான நினைவோடு “எனக்கு வேண்டாம்” என்று முடிவு செய்தால் அது அவர் உரிமை. அப்போது மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எழுத்தில் கேட்டு, எடுத்த தேதியோடு ரசீது வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பின் வாடகை ஓடக் கூடாது.

ஒருவேளை மெடிகேர் ஒரு மாதத்தை மறுத்து, கம்பெனி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். மருத்துவத் தேவை இல்லை என்று மெடிகேர் மறுக்கக்கூடும் என்று கம்பெனிக்குத் தெரிந்தால், முன்கூட்டியே ஏபிஎன் என்ற படிவத்தில் சொல்லி உங்கள் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் பொதுவாக அந்தப் பாரம் கம்பெனியுடையது. மறுப்பு வந்த மெடிகேர் அறிக்கை கைக்குக் கிடைத்ததிலிருந்து 120 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறுவது

இந்த ஒரு மெஷினுக்காக அவசரப்பட்டு மாறாதீர்கள். உங்கள் மெஷின் செலவு வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 டாலர். அட்வான்டேஜ் திட்டங்களில் வருடச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான், இப்போது உங்களிடம் உள்ள பழைய மெடிகேரில் அது இல்லை. ஆனால் 2026-க்கு அந்த வரம்பு 9,250 டாலர் வரை இருக்கலாம். அதற்குள் மெஷினுக்கான உங்கள் பங்கு 20 சதவீதமாகவே இருக்கக்கூடும், முன் அனுமதி கேட்பார்கள், இப்போதைய கம்பெனி அவர்கள் வலையமைப்பில் இல்லாமலும் போகலாம். மெடிகேரின் தேசிய விதியை அவர்களும் பின்பற்றியே ஆக வேண்டும் என்பது மட்டும் ஆறுதல்.

அந்த 20 சதவீதத்தை ஏற்கும் மெடிகாப் என்ற தனியார் துணைப் பாலிசியைக் கேள்வி இல்லாமல் வாங்கும் வாய்ப்பு, பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம்தான். அது உங்களுக்குப் போய்விட்டது. இப்போது நோய் விவரம் கேட்பார்கள், சிஓபிடி என்றால் மறுக்கவும் செய்யலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அப்பாவின் சொந்த வருமானம் குறைவு என்றால், பங்கையும் பிரீமியத்தையும் ஏற்கும் மெடிகேர் சேமிப்புத் திட்டம் ஒன்று மாநிலத்தில் இருக்கும். நீங்கள் ஸ்பான்சராகக் கையெழுத்திட்டது அதைப் பாதிக்கலாம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் ஷிப் என்ற இலவச மாநில ஆலோசனை மையத்தில் விசாரித்துவிடுங்கள். அவர்கள் எதையும் விற்பவர்கள் அல்ல.

டிசம்பரில் மதுரை

மெஷின் கம்பெனியுடையது, நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அவர்கள் சம்மதம் வேண்டும். இந்தியாவில் ஆகும் செலவுக்கு மெடிகேர் தராது. பலரும் இங்கே அதைத் திருப்பிவிட்டோ, கம்பெனியிடம் பேசி நிறுத்திவைத்துவிட்டோ, அங்கே பைபாப் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. வென்டிலேட்டர்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அங்கே அதற்கு ஏற்பாடு உறுதியான பிறகே டிக்கெட் போடுங்கள்.

விமானத்தில் மாட்டிக்கொண்டே போக வேண்டுமானால் விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். பயண நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கேட்கலாம். 15 மணி நேரப் பறப்புக்கு 22 மணி நேரத்துக்கும் மேல், லேசான பாரம் அல்ல. உயரத்தில் கேபின் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அப்பா பறக்கலாமா என்பதையே முதலில் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். சரி என்றால், உள்ளிழுக்கும் அழுத்தம், வெளிவிடும் அழுத்தம், நிமிட மூச்சு எண்ணிக்கை, மாஸ்க் வகையும் அளவும், ஆக்சிஜன் லிட்டர் எல்லாம் எழுதிய ஒரு தாளை அவர் கையெழுத்தோடு வாங்குங்கள், மதுரை டாக்டருக்கு அது ஒன்றே போதும். இன்றே வாங்கிவிடாதீர்கள். மாஸ்க் மாறினால் அழுத்தமும் மாறலாம். நவம்பரில் வாங்குங்கள்.